மொராக்கோ பையனின் சுருதியை நான் திருத்திய கதை

1. என் உத்தியோகம்

பெங்களூர் காக்ஸ் டவுனில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கும் ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். விசிட்டிங் கார்டில் 'ஸ்டெல்லா, சீனியர் வோக்கல் எடிட்டர்' என்று போட்டிருக்கும். பாட வராதவர்களைப் பாடத் தெரிந்தவர்களாக ஆக்கி அனுப்புவேன். இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகள் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

வேலை இவ்வளவுதான். பாடிய குரலை ட்யூனிங் சாஃப்ட்வேரில் போட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் திரையில் ஒரு சின்னக் கட்டியாகத் தெரியும். கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தால் சுருதி சேர்ந்திருக்கிறது. மேலேயோ கீழேயோ விலகியிருந்தால் மவுஸால் பிடித்து இழுத்துக் கோட்டில் உட்கார வைக்க வேண்டும். ஒரு ஐ.டி. கம்பெனியின் ஆண்டு விழாப் பாட்டுக்கு அவர்கள் வி.பி., அதாவது வைஸ் பிரசிடென்ட், வந்து பாடினார். அவர் பாடியதில் ஒரு கட்டிகூடக் கோட்டில் இல்லை. எல்லாவற்றையும் இழுத்து உட்கார வைத்தேன். அவர் கேட்டுவிட்டு, "நான் சின்ன வயசுலயே சினிமாவுக்குப் போயிருக்கணும்" என்றார். நானும் ஆமாம் சார் என்றேன்.

ஒரே ஒரு தடவை அடி வாங்கினேன். சபாக்களில் பாடும் ஒரு வித்வான் பக்திப் பாட்டு ஆல்பத்துக்கு வந்திருந்தார். அவருடைய கமகங்களை, அதாவது ஸ்வரத்தை வளைத்து அசைக்கும் இடங்களை, நான் நேராக்கி வைத்திருந்ததைக் கேட்டதும் ஹெட்ஃபோனைக் கழற்றி மேஜையில் போட்டார்.

"இனிமே என் கமகத்துல கைய வெச்சே, நடக்கிறதே வேற" என்றார்.

அன்றிலிருந்து பெரிய மனிதர்களின் குரலைத் தொட மாட்டேன். யார் பெரிய மனிதர் என்பதை சர்டிஃபிகேட், சால்வை, வந்து இறங்கும் கார் ஆகியவற்றை வைத்து முடிவு செய்துகொள்வேன்.

2. வாட்டர் கேன் வித்வான்

யாசின் ஆட்டோவில்தான் வந்தான். மொராக்கோவில் ஃபெஸ் என்ற ஊர். பெங்களூரில் ஒரு காலேஜில் பி.சி.ஏ. கடைசி வருடம், கம்மனஹள்ளியில் மூன்று பேரோடு வாடகை வீடு. பேசியது பிரெஞ்சு வாடை அடிக்கும் ஆங்கிலம். அதை நான் தமிழில் தருகிறேன். 'அக்கா' என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்தே வந்தது. வீட்டு ஓனரம்மாவிடம் கற்றுக்கொண்டானாம்.

"எங்கே மியூசிக் படிச்சே?" என்று கேட்டேன்.

"எங்கேயும் படிக்கல அக்கா. ஃபோன்ல வீடியோ பாத்துக் கத்துக்கிட்டேன்."

அவன் தன் ரூமில் தானே பாடி, தானே இசை சேர்த்த பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். மெத்தையை நிமிர்த்தி பீரோ மேல் சாய்த்து, அதற்குள் நின்று பாடியிருக்கிறான். டிரம்ஸுக்கு இருபது லிட்டர் வாட்டர் கேனைத் தட்டியிருக்கிறான். இரண்டாவது சரணத்தில் பக்கத்து வீட்டுக் குக்கர் மூன்று விசில் விடுகிறது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

சிரிக்கிற விஷயம் இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. இந்தக் குக்கர் பாட்டைக் கேட்டுவிட்டு காசாபிளாங்காவில் ஒரு மியூசிக் கம்பெனி அவனுக்கு மெயில் அனுப்பியிருந்தது. ஒரு பாட்டை ஒழுங்காக ஸ்டுடியோவில் பதிவு செய்து மாதக் கடைசிக்குள் அனுப்பு, பிடித்திருந்தால் உன் முதல் ஆல்பத்தை நாங்கள் கொண்டுவருகிறோம் என்று. பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பி, மாமா மகன் வேலை பார்க்கிற கால் சென்டரில் சேர வேண்டும். வீட்டில் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். பெங்களூரில் படித்துவிட்டுக் கால் சென்டரா என்று யாராவது ஆச்சரியப்படுவார்கள் என்று அவன் நினைத்தான். பாவம், இந்த ஊரைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

3. நான் செய்த உபகாரம்

நல்ல மைக், நல்ல ரூம். பையன் கண்ணை மூடிக்கொண்டு பாடினான். எங்கள் முதலாளி ஜோசப் சார் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, "ஃபீல் சக்கத்தா, சூப்பரா இருக்கு ஸ்டெல்லா. ஆனா சுருதி எங்கேயோ இடிக்குது, கொஞ்சம் பாத்துக்கோ" என்றார்.

பார்த்தேன். மூன்றாவது ஸ்வரம் இடித்தது. கர்நாடக சங்கீதக்காரர்கள் சாதாரண காந்தாரம், அந்தர காந்தாரம் என்று சொல்வார்கள். கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகள். இவனுடைய ஸ்வரம் இதிலும் இல்லாமல் அதிலும் இல்லாமல் சரியாக நடுவில் போய் நின்றது. ஒரு இடத்தில் இல்லை, பாட்டு முழுவதும். எத்தனை தடவை அந்த ஸ்வரம் வந்ததோ அத்தனை தடவையும் அதே நடுவில்.

ஒரே அளவு தப்பை ஒருவன் ஒரு பாட்டு முழுக்கத் தவறாமல் செய்ய முடியுமா என்ற கேள்வி யாருக்கும் வர வேண்டும். எனக்கு வரவில்லை. எனக்கு சவுண்ட் இன்ஜினியரிங் டிப்ளமா இருந்தது.

ஒரு முழுப் பகல் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டியாகப் பிடித்து மேல் கோட்டுக்கு இழுத்தேன். கீழே இழுத்திருந்தால் சோகமாகக் கேட்கும். ஏற்கெனவே பையன் ஏக்கமாகத்தான் பாடுகிறான், கொஞ்சம் சந்தோஷமாக இருக்கட்டுமே என்று நானே முடிவு செய்தேன். அவனுக்கு என்ன உணர்ச்சி இருக்க வேண்டும் என்பதையும் அன்று நானே பார்த்துக்கொண்டேன். சபாவில் பாடுகிறவர் வளைத்தால் கமகம், கம்மனஹள்ளிக்காரன் வளைத்தால் பிசிறு. இதுதான் என் சங்கீத ஞானம்.

மிக்ஸ் முடிந்ததும் பெரிய ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினேன். யாசின் கடைசிவரை கேட்டான். முடிந்ததும், "இது நானா அக்கா?" என்றான்.

"சரியா பாடினா நீ இப்படித்தான் இருப்பே" என்றேன்.

நான் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவன் தலையை ஆட்டிவிட்டு, நன்றி சொல்லி, ஃபைலை வாங்கிக்கொண்டு போனான்.

4. திரையில் ஒரு குறையும் இல்லை

மூன்று வாரம் கழித்துத் திரும்ப வந்தான். ஆள் இளைத்திருந்தான். ஃபோனை நீட்டி கம்பெனியின் பதிலைப் படித்துக் காட்டினான். "உன் பழைய பாட்டில் ஒரு ஆள் இருந்தான். இதில் யாரும் இல்லை. மன்னிக்கவும்."

சண்டை போடத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்து, எங்கள் ஸ்டுடியோவின் மைக் எவ்வளவு உசத்தி என்று விளக்கத் தயாரானேன். அவன் சண்டை போடவில்லை.

"தப்பு என் மேலதான் அக்கா. நீங்க சரி பண்ணிக் குடுத்தீங்க. ஆனா அடியில இருக்கிற குரல் சரியில்லையே. பதினாலு நாளா அந்த ஃபைலைப் போட்டுக் கேட்டு, அதே மாதிரி பாடிப் பழகிட்டேன். இன்னொரு தடவை எடுங்க. கெஞ்சிக் கேட்டு ஒரு வாரம் டைம் வாங்கியிருக்கேன்."

பாடினான். திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டியும் கோட்டின் மேல் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. என் உத்தியோகத்தில் நான் திருத்த ஒன்றுமே இல்லாத குரல் அதுதான். கேட்கச் சகிக்கவில்லை. பஸ் ஸ்டாண்ட் அறிவிப்புக்கு மெட்டுப் போட்ட மாதிரி இருந்தது. என்ன கோளாறு என்று எனக்குப் புரியவில்லை.

தண்ணீர் குடித்து வந்தவன் மூலையில் இருந்த எங்கள் கீபோர்டின் முன் உட்கார்ந்தான். அதில் ஒரு மெனுவைத் திறந்து எதையோ மாற்றினான். ஒரே ஒரு கட்டையின் சுருதியை மட்டும் பாதி இறக்கிவிட்டு மெல்ல வாசித்தான். ஒரு முழுப் பகல் நான் ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்த அதே ஸ்வரம், அதே நடுவில்.

"எங்க ஊர்ல இது இங்கதான் இருக்கும் அக்கா" என்றான். "தப்புன்னு தெரியாமலே வளந்துட்டேன்."

"எங்கன்னா? யார் யாரு இப்படிப் பாடுவாங்க?"

"எல்லாரும். கல்யாண பேண்டு, டாக்ஸியில ஓடுற பாட்டு. எங்க அம்மா."

"இதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?"

"நீங்க படிச்சவங்க. நான் ஃபோன்ல கத்துக்கிட்டவன். எது சரின்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

ஜோசப் சாரை வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, ரீ-டேக் எடுத்துக் குடு. ஆனா தப்பு நம்மளோடதுன்னு மட்டும் வாயத் தொறக்காதே. ஸ்டுடியோ பேரு என்னாகும்?" என்றார். ஒரு மாடி, இரண்டு மைக், கீழே வெண்ணெய் பன். அந்தப் பேரைத்தான் காப்பாற்ற வேண்டுமாம்.

நான் உள்ளே போய்ச் சொல்லிவிட்டேன். "யாசின், நீ பாடினது சரி. நான்தான் தப்பு. சரியா இருந்ததை ஒண்ணு விடாம கெடுத்து வெச்சிருக்கேன்."

அவன் கோபப்பட்டான். அதுவரை நான் பார்க்காத கோபம். எழுந்து கதவு வரை போய்த் திரும்பி வந்தான்.

"பதினாலு நாள் அக்கா. பதினாலு நாள் எங்க அம்மா பாடினது தப்புன்னு நினைச்சிட்டிருந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. சீனியர் வோக்கல் எடிட்டர் கன்சோலில் உட்கார்ந்து அழுதாள் என்று ஸ்டுடியோ சரித்திரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. ரீ-டேக்

பழைய டேக்கை எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றால் அதுவும் இல்லை. ஃபைனல் மிக்ஸ் போனதும் ஒரிஜினலை அழித்து ஹார்ட் டிஸ்கைக் காலி பண்ணுவது எங்கள் ஸ்டுடியோ வழக்கம். அழித்த கையும் இந்தக் கைதான். புதிதாகத்தான் பாட வேண்டும்.

அவனுக்கு அந்த ஸ்வரம் வரவில்லை. பதினாலு நாள் சாதகத்தில் தொண்டை கோட்டுக்குப் பழகிவிட்டது. ஒவ்வொரு டேக்கிலும் நடுவுக்கு வந்து, பயந்து, மேலே ஏறிவிடுவான். நான் கண்ணாடி வழியாகக் கை கூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு ஊருக்கு வீடியோ கால் போட்டான். அவன் அம்மா அடுப்படியில் நின்றிருந்தார். ஏதோ கேட்டான். அந்த அம்மா சிரித்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஃபோனைப் பார்த்து இரண்டு வரி பாடினார். அந்த ஸ்வரம் அங்கே அலுங்காமல் இருந்தது. அடுத்த டேக்கில் யாசினுக்கும் வந்துவிட்டது. நான் சாஃப்ட்வேரைத் திறக்கவே இல்லை.

கம்பெனிக்கு நானே மெயில் எழுதினேன். முதலில் அனுப்பிய பாட்டில் குரலைக் கெடுத்தது வோக்கல் எடிட்டராகிய நான், பாடியவர் மேல் குற்றம் இல்லை, இதைக் கேளுங்கள் என்று பெயரும் பதவியும் போட்டு அனுப்பினேன். ஜோசப் சார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. வேலை நிம்மதியாக நடந்தது.

கம்பெனி மரியாதையாகப் பதில் போட்டது. பாட்டு அருமை, ஆனால் இந்த வருடத்துக்கு ஆட்களை எடுத்து முடித்துவிட்டோம் என்று. யாசின் அதைப் படித்துவிட்டு, "சரி, நானே வெளியிடறேன்" என்று தன் பெயரில் நெட்டில் ஏற்றினான். டிகிரி முடிந்து ஊருக்குப் போய், சொன்ன வாக்குக்காகக் கால் சென்டரிலும் உட்கார்ந்தான். அந்தக் கல்யாண சீசனில் அவன் ஊர் மண்டபம் மண்டபமாக அந்தப் பாட்டு ஓடியதாம். அதே கம்பெனி மறுபடியும் மெயில் அனுப்பியது. இந்த முறை இடமில்லை என்று பதில் போட்டவன் யாசின். இப்போது அவன் பாடுகிறான், அடுத்தவர்களுக்கும் ப்ரொட்யூஸ் பண்ணுகிறான். சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிறான். இன்றுவரை ஒரு கிளாஸுக்கும் போனதில்லை.

6. கேட்க வேண்டிய கேள்வி

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது ஒரே ஒரு கேள்வி. எடிட் செய்ய உட்காரும் முன் பாடியவரிடம் கேட்டுவிட வேண்டும். "இப்படித்தான் பாட நினைச்சீங்களா?" ஐந்து விநாடி வேலை. இல்லை, சறுக்கிவிட்டது என்றால் திருத்துங்கள். ஆமாம் என்றால் மவுஸிலிருந்து கையை எடுங்கள். வி.பி.க்களிடம் கேட்க வேண்டாம், அவர்கள் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்பார்கள்.

நான் முதன்முதலில் அந்தக் கேள்வியைக் கேட்டது ஃபிலோமினா ஆன்ட்டியிடம். கோலார் தங்கவயலில் இருந்து வந்து இங்கே குடியேறியவர். சர்ச் கொயரில் பாடுகிறவர். கிறிஸ்துமஸுக்கு எங்கள் ஸ்டுடியோவில் ஆல்பம் பதிவாகும்போதெல்லாம் அவருக்கு ஒரு பாட்டு உண்டு, பதினைந்து வருடமாக. வரியின் கடைசியில் குரலைக் கொஞ்சம் கீழே இறக்கி இழுப்பார். வருடா வருடம் அதை நான் வெட்டி நேராக்கி அனுப்பியிருக்கிறேன். யாசினுக்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸில் அவர் பாடி முடித்து வெளியே வந்ததும் கேட்டேன்.

"ஆன்ட்டி, கடைசியில இழுக்கறீங்களே, வேணும்னேதான் அப்படிப் பாடறீங்களா?"

"ஆமாம்மா. எங்க மைன்ஸ் கோயில்ல எல்லாரும் அப்படித்தான் இழுப்போம். ஏன், ரெக்கார்ட்ல அது வருமா?"

"இனிமே வரும் ஆன்ட்டி."

அவர் உட்கார்ந்து ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒவ்வொரு வருஷமும் சி.டி.யைப் போட்டுக் கேப்பேன். நான் இழுத்தது இருக்காது. நான்தான் இழுக்கலபோல, வயசாயிடுச்சு, தொண்டை போயிடுச்சுன்னு நினைச்சுக்குவேன்" என்றார். "நீ இத்தனை வருஷமா ஏம்மா கேக்கல?"