கோட்டுகள் முன்னால் போய்விட்டன

என் கணவர் ராணுவத்தில் எழுத்தர். துப்பாக்கியைவிடக் கோப்புகளை அதிகம் தூக்கியவர். மூன்று வருடத்துக்குக் கஜகஸ்தானில், நம் தூதரகத்தின் ராணுவப் பிரிவில் வேலை என்று அவருக்கு உத்தரவு வந்தபோது, கருமத்தம்பட்டியில் பாதிப் பேர் அதைப் பாகிஸ்தான் என்று காதில் வாங்கிக்கொண்டு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மீதிப் பேர் ஃபாரின் என்று பெருமூச்சு விட்டார்கள். நான் இரண்டு கட்சியையும் திருத்தவில்லை. அனுதாபமும் பொறாமையும் ஒரே நேரத்தில் கிடைப்பது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

அங்கே போனபின் மூன்று வருடமும் என் முக்கியமான வேலை குறை சொல்வது. தினமும் மத்தியானம் ஓரகத்திக்குப் போன் போட்டுவிடுவேன். அவர் என் கணவருடைய அண்ணனின் மனைவி. விசைத்தறிக் கூடத்தை ஒட்டினாற்போல் அவர்கள் வீடு. தறிச் சத்தத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதால் இரண்டு பேரும் கத்தித்தான் பேசுவோம். குளிர் எலும்புக்குள் இறங்குகிறது என்பேன். இங்கே ஜனங்கள் சிரிப்பதே இல்லை என்பேன். கறிவேப்பிலை கிடைக்காத ஊரும் ஒரு ஊரா என்பேன். "பாவம் அம்மணி நீ, எப்படித்தான் பொழைக்கறயோ" என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருவழியாக ஊர் திரும்பும் உத்தரவு வந்தது. அக்டோபர் நடுவில் கிளம்ப வேண்டும். சாமான்கள் கன்டெய்னரில் ஒரு மாதம் முன்பே போய்விட வேண்டும். என் கணவர் பட்டியல் போட ஆரம்பித்தார். அலுவலகத்தில் யார் மாற்றலாகிப் போனாலும் சாமான் பட்டியல் தயாரித்துக் கொடுப்பது அவர்தான். எதை முன்னால் அனுப்புவது, எதைக் கையோடு வைத்துக்கொள்வது என்று ஆலோசனை சொல்வதில் அந்த வட்டாரத்தில் அவருக்கு ஒரு பெயரே இருந்தது. சொந்த வீட்டுக்கு என்றதும் இன்னும் தீவிரமாகிவிட்டார். தகரப் பெட்டிகளுக்கு எண் போட்டார். பட்டியலில் மூன்று பிரதி எடுத்தார். ஒன்றைப் பெட்டிக்குள்ளும் ஒன்றைப் பெட்டி மேலும் வைத்துவிட்டு, மூன்றாவதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்.

எங்கள் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஆறு வயதில் வந்தவள். அங்கேயே பள்ளிக்கூடம் போய், ரஷ்ய மொழியில் கனவு காண்கிற அளவுக்குப் போய்விட்டாள். ஊருக்குப் போகிறோம் என்றதும் அவள் அழவில்லை. "சரி, நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கயே இருந்துக்கறேன்" என்றாள்.

கோட்டுகளைப் பெட்டியில் வைத்தது நான். இதில் வேறு யாரையும் குற்றம் சொல்ல வழியில்லை. அவர் கேட்கத்தான் செய்தார்.

"ஏ அம்மணி, ஆளுக்கொரு கோட்டு வெளிய இருக்கட்டுமே. அக்டோபர்ல பனி விழுந்தாலும் விழுகும்."

"விழுந்தா விழுகட்டுங்க. மூணு வருசமா இந்தக் கருமத்தச் சுமந்தாச்சு. இனி ஒரு நாள் போட மாட்டனுங்க."

எனக்கு அந்தக் கோட்டுகள் மேல் அப்படி ஒரு வெறுப்பு. வெளியே போகும்போது கால் மணி நேரம் மாட்டி, உள்ளே வந்ததும் கால் மணி நேரம் கழற்றி, மூன்று வருடத்தில் பாதியை அதிலேயே தொலைத்திருந்தேன். மூன்றையும் மடித்து, மேலே ஏறி உட்கார்ந்து, பெட்டியைப் பூட்டினேன். அவர் பட்டியலில் எழுதிக்கொண்டார். கிரைண்டர், மிக்சி, பாத்திரங்கள், கம்பளிகள் எல்லாம் அதே கன்டெய்னரில் போயின. வீட்டோடு வந்த கட்டிலும் அலமாரியும், ஒரு குக்கரும் ஒரு வாணலியும் மூன்று தட்டுகளும் மிஞ்சின.

கன்டெய்னர் போய்ப் பதினைந்து நாளில் செய்தி வந்தது. என் கணவரின் இடத்துக்கு வர வேண்டியவர் இந்தியாவில் வாலிபால் ஆடப்போய்க் காலை உடைத்துக்கொண்டாராம். அவர் நடக்கும்வரை இவர் இருக்க வேண்டும்.

"எவ்வளவு நாளுங்க?"

"ரெண்டு வாரந்தான்னாங்க."

அந்த இரண்டு வாரம் முடிந்ததும் இன்னொரு இரண்டு வாரம் வந்தது. பிறகு இன்னொன்று. மொத்தமாக மூன்று மாதம் என்று சொல்லியிருந்தால் கடைக்குப் போய்ப் புதுக் கோட்டு வாங்கியிருப்போம். இரண்டு வாரத்துக்காக யாராவது கோட்டு வாங்குவார்களா? அக்கம்பக்கத்து இந்தியக் குடும்பங்களிடம் சொன்னால் இரவல் கிடைத்திருக்கும். ஆனால் ஊருக்கே பட்டியல் போட்டுக் கொடுக்கிறவர் தன் கோட்டைக் கப்பலேற்றிவிட்டார் என்ற செய்தி வெளியே போவதை அவர் விரும்பவில்லை. மூன்று ஸ்வெட்டர் மேல் சூட்டை மாட்டிக்கொண்டு, கை மடங்காமல், பொம்மை மாதிரி அலுவலகம் போய் வந்தார். "நான் அன்னைக்கே சொன்னன்ல" என்று ஒரு தடவைகூட அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் பதிலுக்குச் சண்டை போட்டுச் சூடேறியிருப்பேன்.

நவம்பரில் பனி கொட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவை யாரோ இடித்தார்கள். திறந்தால் கீழ்வீட்டு அம்மா.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் இருந்து ஓய்வு பெற்றவர், தனியாக இருந்தார். அவருக்கும் எனக்கும் இருந்த பழக்கமெல்லாம் கிரைண்டர் மூலமாகத்தான். ஞாயிறு காலை ஆறு மணிக்கு நான் மாவாட்டப் போடுவேன். ஐந்தாவது நிமிடம், வீட்டைச் சூடாக்க எல்லா மாடிக்கும் பொதுவாக ஓடும் வெந்நீர்க் குழாயைக் கீழேயிருந்து கரண்டியால் டங் டங் என்று அடிப்பார். நானும் நிறுத்த மாட்டேன், அவரும் நிறுத்த மாட்டார். உளுந்து பொங்கி வரும்வரை இருவரும் அவரவர் வேலையைப் பார்ப்போம். படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். மூன்று வருடம் இப்படித்தான்.

இப்போது வாசலில் நின்று மூச்சுவிடாமல் ஏதோ சொன்னார். நான் மகளைக் கூப்பிட்டேன்.

"என்ன கண்ணு சொல்றாங்க?"

"சத்தம் வரலையேன்னு கேக்கறாங்க."

"அதுக்கும் சண்டைக்கு வந்துட்டாங்களா?"

"இல்லம்மா. ஏழு ஞாயித்துக்கெழமையா சத்தமே இல்லயாம். யாராச்சும் செத்துப்போயிட்டாங்களான்னு கேக்கறாங்க."

அந்த நேரம் பார்த்து என் கணவர் பால் வாங்கக் கிளம்பி வந்தார். மூன்று ஸ்வெட்டர், சூட்டு, அதற்கு மேல் என் சால்வை. தலையில் மகளின் ரோஜாப்பூ நிறத் தொப்பி. அந்த அம்மா அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். கதவுக்குப் பின்னால் கோட்டு மாட்டும் கொக்கிகள் காலியாக இருந்ததைப் பார்த்தார். ஏதோ ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

"என்ன சொன்னாங்க?" என்று இவர் கேட்டார்.

"கோட்டு எங்கன்னு கேட்டாங்கப்பா" என்றாள் மகள். உண்மையில் அவர் கேட்டது, "உங்க நாட்டுப் பட்டாளத்துல இப்படித்தான் ஆள் சேக்கறாங்களா?" இதை அவள் எங்களிடம் சொன்னது ஊருக்கு வந்த பிறகு.

கால் மணி நேரத்தில் அந்த அம்மா மூன்று கோட்டுகளைச் சுமந்துகொண்டு மேலே வந்தார். மகளுக்குக் கொடுத்தது அவருடைய பெண் சிறுவயதில் போட்டது. எனக்குக் கொடுத்தது அவருடையதே. அதற்குள் இரண்டு நான் தாராளமாகப் போகலாம். என் கணவருக்குக் கொண்டு வந்தது, இறந்துபோன அவர் வீட்டுக்காரருடைய சோவியத் காலத்து ராணுவக் கோட்டு. சாம்பல் நிறம், பித்தளைப் பொத்தான், ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு நட்சத்திரம்.

இவர் இரண்டடி பின்னால் போனார். "இன்னொரு நாட்டு யூனிபாரத்த நான் எப்படிப் போடறது? ரூல்னு ஒண்ணு இருக்குதல்ல? சொல்லு கண்ணு அவங்களுக்கு."

மகள் சொன்னாள். பதில் வந்தது.

"அந்த நாடே இப்ப இல்லையேங்கறாங்கப்பா. இல்லாத நாட்டுக்கு ஏது ரூலுன்னு கேக்கறாங்க."

இருபது வருடம் விதிமுறைப் புத்தகத்தோடு குடும்பம் நடத்தியவர் அவர். யோசித்துப் பார்த்தார். அப்படி ஒரு விதி அவர் படித்ததில் இல்லை. இருந்தாலும் பொத்தான் இடிக்கிறது என்றார். அந்த அம்மா எங்கள் சமையலறைக்குள் போய்க் கத்தியை எடுத்து வந்து, கட்டிலில் உட்கார்ந்து, நட்சத்திரப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அறுத்தார். கீழே போய்க் கறுப்புப் பொத்தான்கள் கொண்டு வந்து தைத்துக் கொடுத்தார். அறுத்தவற்றை ஒன்று விடாமல் எண்ணித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அதன்பின் அவர் தினமும் மேலே வந்தார், அல்லது நான் கீழே போனேன். ஞாயிற்றுக்கிழமைச் சத்தத்துக்கு மறுநாள் மேலேயிருந்து வருமே ஒரு வாசம், அது என்ன என்று கேட்டார். தோசை என்று மகள் சொன்னாள். எனக்கும் வேணும் என்றார். சண்டை போட்ட காலமெல்லாம் கிரைண்டர் இருந்தது; சமாதானமான நேரத்தில் அது எங்கேயோ கப்பலில் இருந்தது. கடையில் கிடைத்த ரவையைக் கரைத்து வாணலியில் ஊற்றிக் கொடுத்தேன். இரண்டு தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"இதுக்கா அவ்வளவு சத்தம்னு கேக்கறாங்கம்மா."

டிசம்பரில் ஓரகத்தி வீடியோவில் வந்தார். கன்டெய்னர் வந்து சேர்ந்துவிட்டதாம். "பெட்டியத் தொறந்து பாத்தேன் அம்மணி. துணியெல்லாம் ஒரு மாதிரி மக்கின வாசம். அதான் எல்லாத்தயும் வெயில்ல போட்டுட்டேன், பாரு" என்று போனைத் திருப்பினார். கருமத்தம்பட்டி மொட்டை மாடியில், கண் கூசுகிற வெயிலில், கொடியில் என் சிவப்புக் கோட்டு தொங்கியது. பக்கத்தில் என் கணவருடையது, அதற்குப் பக்கத்தில் மகளுடையது. கீழே மிளகாய் காய்ந்தது. என் ஜன்னலுக்கு வெளியே அன்று மைனஸ் இருபத்திரண்டு.

"அடுத்த வாரம் எங்க தம்பி ஊட்டுல ஊட்டிக்குப் போறாங்க. ரெண்டு கோட்டுக் கேட்டாங்க. குடுத்துப்போட்டனே, பரவால்லயா?"

"குடுங்கக்கா. அங்க குளிருமுங்க" என்றேன்.

ஜனவரி கடைசியில் கால் சரியானவர் வந்து சேர்ந்தார். இரண்டே நாளில் நாங்கள் கிளம்பினோம். டாக்சிக் கதவு வரை கோட்டோடு போய், அங்கே கழற்றிக் கொடுத்துவிட்டு வண்டிக்குள் ஏறினோம். நான் ஒரு வாரமாகப் பயிற்சி எடுத்திருந்த நன்றி வாக்கியத்தை அந்த அம்மாவிடம் ரஷ்ய மொழியில் சொன்னேன். உச்சரிப்பைத் திருத்தி மறுபடி சொல்ல வைத்தார். சரியாக வந்ததும் தலையை ஆட்டிவிட்டு, மூன்று கோட்டையும் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் மாடிப்படிக்குப் போய்விட்டார். அப்போதும் சிரிக்கவில்லை. மகள் விமான நிலையம் வரை அழுதுகொண்டே வந்தாள். எனக்கு ஜலதோஷம் என்று நான் சொல்லிக்கொண்டேன்.

கருமத்தம்பட்டியில் எங்களைப் பார்க்க ஒரு வாரம் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். அந்த ஊர் எப்படி என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் ஓரகத்தி ஆரம்பித்துவிடுவார். குளிர் எலும்புக்குள் இறங்கும், ஜனங்கள் சிரிக்கவே மாட்டார்கள், கீழ்வீட்டில் ஒரு ராட்சசி, குழாயைத் தட்டித் தட்டியே இவளைக் கொன்னுபோட்டாள். நேரில் பார்த்தவர் போலச் சொல்வார்.

"அக்கா, அந்தம்மா நல்லவங்கக்கா" என்று ஒரு நாள் குறுக்கே போனேன்.

"நீதான அம்மணி மூணு வருசமாச் சொன்ன?"

"சொன்னனுங்க..."

"அப்பறமென்ன? உனக்கு எளகின மனசு. அதான் மறந்துபோட்ட" என்றார். வந்தவர்களும் ஆமாம் என்றார்கள். என் வாக்குமூலத்துக்கு எதிராக நானே சாட்சி சொன்னால் யார் நம்புவார்கள்? காபி கலக்க எழுந்து போய்விட்டேன்.

லீவு முடிந்து என் கணவருக்கு ராஜஸ்தான் பாலைவனத்தில் ஒரு முகாம் கிடைத்தது. குடும்பத்தோடு போக முடியாத இடம். கோயமுத்தூர் ஜங்ஷனில் மத்தியான ரயிலுக்கு அவரை ஏற்றிவிட்டு, நானும் மகளும் அவர் அண்ணன் காரில் திரும்பினோம். அவிநாசி ரோட்டில் வண்டிகள் நகராமல் நின்றன. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த மகளுக்குத் தூக்கக் கலக்கம். அந்தக் கலக்கத்தில் அவளுக்கு ரஷ்ய மொழிதான் வரும். பெரியப்பாவிடம் நீளமாக ஏதோ கேட்டாள்.

"ஆமாங் கண்ணு" என்றார் அவர், ரோட்டைப் பார்த்துக்கொண்டே.

அவள் இன்னொன்று கேட்டாள்.

"அதுவும் வாங்கிக்கலாங் கண்ணு."

அவள் திருப்தியாகக் கண்ணை மூடினாள். முன்னால் நின்ற லாரி நகர்ந்தது.