கம்ப்யூட்டர் எடுத்த பெரட்டு

பிள்ளைகளா, பெரியவளின் சடங்குக்குத் தாய்மாமன் ஏன் வரவில்லை என்று நீங்கள் மூன்று பேரும் ஆளுக்கு ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அம்மா, அவருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உடம்புக்கு ஒன்றும் இல்லை. கெமாஸில் நன்றாகத்தான் இருந்தார். இன்றைக்கு நீங்கள் எல்லாரும் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறீர்கள், அதனால் நான் எழுதுவது உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன். நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாவதும், டவுன் மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவமும் படித்தவன். அலங்காரமாக எழுத வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அது தொண்ணூறுகளின் கடைசி. நாம் அம்பாங்கானில் வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குச் சிரம்பானில் ஒரு தோட்டக் கம்பெனியின் தலைமை ஆபிஸில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிற வேலை. கம்பெனிக்கு ரெம்பாவ் பக்கம் சில தோட்டங்கள், கெமாஸ் பக்கம் சில தோட்டங்கள். கெமாஸ் பக்கத்தில், எல்லாவற்றிலும் தூரமாக, ஒரு மேட்டின் மேல் இருந்த தோட்டத்தில்தான் உங்கள் மாமா பெரிய கிராணி, ஆபிஸ் கணக்கெல்லாம் அவர் பொறுப்பு. என்னை முதன்முதலில் சின்னக் கிராணியாக அங்கே சேர்த்துவிட்டவரே அவர்தான். வேலையையும் கொடுத்து, தங்கையையும் கொடுத்தார். அந்த நன்றியை நான் மறந்தவன் இல்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

பெரட்டு என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. விடியுமுன்னே வேலையாட்கள் எல்லாம் ஆபிஸ் முன்னால் வந்து வரிசையாக நிற்க வேண்டும். ஆட்களை வேலை வாங்குகிற மண்டோர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். 'இருக்கேன்' என்று குரல் வர வேண்டும். குரல் வந்தால்தான் கிராணி வரவு போடுவார். குரல் வராதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. தலை நரைக்கும்வரை உங்கள் மாமா அந்தப் பெரட்டில் நின்று வரவு போட்டவர். மழையில் குடை பிடித்துக்கொண்டும் போடுவார், காய்ச்சலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டும் போடுவார்.

அவருடைய ஆபிஸுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் ஒரு மத்தியானம் பெரிய இடி விழுந்தது. மேட்டு நிலம், ரப்பர் மரங்களுக்கு மேலாக வருகிற பழைய டெலிபோன் கம்பி. இடி அந்தக் கம்பி வழியாகவே உள்ளே வந்து கம்ப்யூட்டரையும் ஃபேக்ஸையும் கருக்கிவிட்டது. அடுத்த நாள் தலைமை ஆபிஸ் மேனேஜர் காரில் வந்து இறங்கினார். படித்த தமிழர், நம் ஆள்தான். ஆட்கள் எல்லாம் பார்க்க, சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் இடி இடித்தால் வயரைப் பிடுங்க வேண்டும் என்று, உமக்குத் தெரியாதா என்று உங்கள் மாமாவை ஏசினார். போகும்போது, இடி இடித்தால் வயரைப் பிடுங்கு என்று மூன்று பாஷையில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். மாமா ஒட்டினார். அன்றிலிருந்து எங்கேயோ தூரத்து மலையில் உறுமினாலும் போதும், பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய் வயரைப் பிடுங்குவார். மறுபடி மாட்டுவது மறுநாள் காலையில்தான். சாயந்திரமும் இடிக்குமே, எதற்கு வம்பு என்பார்.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து, எல்லாத் தோட்டத்துக் கம்ப்யூட்டரையும் சிரம்பானோடு இணைத்தார்கள். ஒவ்வொரு ஆபிஸுக்கும் தனி டெலிபோன் லைன், ஒரு மோடம். காலையில் அது சிரம்பானைக் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டால் சாயந்திரம்வரை விடாது. கோலாலம்பூரிலிருந்து ஒரு சீன இளைஞர் வந்து எங்கள் ஆபிஸில் லினக்ஸ் சர்வர் ஒன்றை நிறுத்திவிட்டுப் போனார். எந்தத் தோட்டம் லைனில் இருக்கிறது, எது இல்லை என்று உட்கார்ந்த இடத்தில் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் கேட்டார். அதற்கு ஒரு புரோகிராம் இருக்கிறது, செனாங் சாஜா, ரொம்பச் சுலபம் என்று சொல்லி, ஒரு சீடியையும் கொஞ்சம் இங்கிலீஷ் காகிதங்களையும் என் கையில் கொடுத்தார் அந்த இளைஞர்.

சுலபமாக இல்லை. இன்றைக்கு நீங்கள் ஒரு வரி தட்டினால் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. அன்றைக்கு மூட்டையாகக் கட்டியிருந்த ஃபைலை அவிழ்த்து, அதை அந்த இயந்திரத்துக்கென்று புதிதாகக் கட்டி எழுப்ப வேண்டும். பாதி வழியில் நின்று, இன்ன சாமான் இல்லை என்று சொல்லும். அதைத் தேடிப் போட்டால், அந்தச் சாமானுக்கு வேறொரு சாமான் வேண்டும் என்று சொல்லும். கல்யாணத்துக்குப் பாக்கு வைக்கப் போனால், என் சித்தப்பாவுக்கு வைத்தாயா, அவருக்கு வைக்காமல் எனக்கு எப்படி வைக்கலாம் என்று கேட்பார்களே, அதே கதை. சீடியில் தேடி, கோலாலம்பூருக்குப் போன் போட்டு, அகராதி வைத்துக்கொண்டு இங்கிலீஷைப் படித்து, தப்புத் தப்பாகத் தட்டி, கடைசியில் ஒரு வழியாக அது கட்டி முடிந்தது. எனக்கு அப்போது எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? உங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, இன்றைக்குக் கோழி எடுத்துச் சமை என்றேன்.

அப்புறம் ஒரு ஃபைலில் ஒவ்வொரு தோட்டத்தின் பேரையும் அதன் கம்ப்யூட்டர் நம்பரையும் ஒரு தோட்டத்துக்கு ஒரு வரியாக எழுத வேண்டும். யாரும் சொல்லாமல் மாமாவின் தோட்டத்தைத்தான் முதல் வரியாக எழுதினேன். அதனால் ஸ்கிரீனில் அந்தத் தோட்டத்தின் கட்டம்தான் முதலில் வந்தது. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சர்வர் ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் கூப்பிடும். பதில் வந்தால் கட்டம் பச்சை. வராவிட்டால் சிவப்பு. வாரம் முழுக்க ஆபிஸ் நேரத்தில் எத்தனை நேரம் பச்சை, எத்தனை நேரம் சிவப்பு என்று கணக்கும் போட்டுக் கொடுக்கும்.

மாமாவுக்குப் போனில் இதைப் பெரட்டு மாதிரி என்று சொல்லித்தான் புரியவைத்தேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்ப இனிமே நானும் பெரட்டுக்கு நிக்கணும்னு சொல்லு மாப்ளே. ஊருக்கெல்லாம் பேர் போட்டவன்லா நானு. சரி சரி, கூப்புட சொல்லு உன் மண்டோர. இருக்கேன்னு சொல்றேன்."

மழை மாதம் வந்தது. மத்தியானம் ஆனால் எங்கள் ஸ்கிரீனின் முதல் கட்டம் சிவப்பாகும். மறுநாள் காலைவரை அப்படியே நிற்கும். மற்றத் தோட்டங்களில் சின்ன வயசு கிராணிகள். அவர்கள் வயரைத் தொடுவதே இல்லை. ரெம்பாவ் பக்கத்தில் ஒரு மோடம் இடியில் எரிந்தும் போனது. இரண்டு நாளில் புதுசு அனுப்பினார்கள். அந்தப் பையனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த இரண்டு நாள் போக, எரியவிட்டவனுடைய கட்டம் மாதம் முழுக்கப் பச்சை. எரியாமல் காப்பாற்றியவருடைய கட்டம் சிவப்பு. இந்தக் கணக்கு எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. இடிதாங்கிக் கருவி ஒன்று வாங்கி அந்த லைனில் மாட்டலாம் என்று மேனேஜரிடம் கேட்டேன். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். வயரைப் பிடுங்குகிற நேரத்தை மட்டும் கணக்கில் சேர்க்காமல் விட புரோகிராமிலேயே வழி இருந்தது. அதையும் கேட்டேன். ஒரு தோட்டத்துக்குச் செய்தால் எல்லாத் தோட்டமும் கேட்கும் என்றார். கடைசியில் மாமாவுக்கே போன் போட்டு, வயரைப் பிடுங்க வேண்டாம் மச்சான், இங்கே உங்கள் பேரில் சிவப்பாக ஏறுகிறது என்றேன்.

"எரிஞ்சா யாரு பதில் சொல்றது? நீ சொல்லுவியா?" என்றார். "அன்னிக்கு ஆளுங்க முன்னாடி ஏச்சு வாங்கினது நான். அந்த நோட்டீஸ் இன்னும் செவுத்துல இருக்கு. அத கிழிச்சுப் போடச் சொல்லி அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் வயரத் தொட்டா என்னான்னு கேளு."

நியாயம்தானே? நான் மேனேஜரிடம் போய் அந்த ஒரு வார்த்தையையும் கேட்டேன். இதற்கெல்லாம் கடுதாசி எழுத முடியாது என்று சொல்லிவிட்டார்.

பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கெமாஸ் பக்கத்து ஆபிஸ் ஒன்றை மூடி, பக்கத்துத் தோட்டத்தோடு சேர்க்கப்போகிறார்கள் என்று ஆபிஸில் பேச்சு அடிபட்டது. எதை மூடுவது என்று முடிவு செய்ய மீட்டிங் வைத்தார்கள். கம்ப்யூட்டர் ஆள் என்று என்னையும் ஒரு மூலையில் உட்காரவைத்தார்கள். மாமா கம்பெனி கொடுத்த வீட்டில் குடியிருந்தவர். ஆபிஸ் போனால் கிராணி வீடும் போகும். பென்ஷன் இல்லாத வேலை. அந்த வயதில் வேறு எந்தத் தோட்டமும் எடுக்காது. அது எனக்கும் தெரியும், அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும்.

மேனேஜர் ஸ்கிரீனைத் திருப்பி வைத்து முதல் கட்டத்தை விரலால் தட்டினார். பாதி நாள் ஆபிஸில் ஆளே இல்லை என்றார். நான் எழுந்து நின்றேன். வாழ்க்கையில் அப்படி ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை. ஆள் இருக்கிறார் சார், இடிக்காக வயரைத்தான் பிடுங்கி வைக்கிறார், நீங்கள் ஒட்டச் சொன்ன நோட்டீஸ்தான் அது என்று சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார்.

"அது அப்ப. இப்ப சிஸ்டம் இருக்கு. நீங்கதானே போட்டீங்க, நல்லா போட்டிருக்கீங்க. நமக்குத்தான் மச்சான், மாமன் எல்லாம். மெஷினுக்கு அதெல்லாம் கிடையாது."

சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன், சொல்லியும் ஒன்றும் ஆகவில்லை. அவர்களுக்கு முடிவு முன்னாலேயே இருந்தது. கையில் காட்ட ஒரு காரணம் வேண்டியிருந்தது. அந்தச் சிவப்பு அதற்கு வசதியாகப் போயிற்று. மாமாவின் ஆபிஸை மூடுவது என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கெமாஸுக்குப் போனேன். மாமா வாசலில் உட்கார்ந்து அலுமினியச் சட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தார். அத்தை கோப்பி கொண்டுவந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. பசியாறிவிட்டாயா என்று வழக்கமாக முதல் கேள்வி அதுதான் வரும். அன்றைக்கு வரவில்லை. மீட்டிங்கில் நான் எழுந்து பேசியதைச் சொன்னேன். மாமா கேட்டுக்கொண்டே சாக்கு வாயைச் சுருக்குப் போட்டுக் கட்டினார்.

"நீ பேசியிருப்ப மாப்ளே. நீ பேசற ஆளுதான்," என்றார். "ஆனா ஒண்ணு. பெரட்டுல ஒருத்தன் குரல் குடுக்கலன்னா நாங்க என்னா செய்வோம்? லயத்து வீட்டுக்கு ஆள் விட்டுப் பாப்போம். காய்ச்சலா, பொண்டாட்டிக்குப் பிரசவமா, என்னான்னு. பாத்துட்டுத்தான் பேர அடிப்போம். உன் மெஷின் ஆள் விட்டுதா? சொல்லு. ஒருத்தனாச்சும் வந்து பாத்தானா?"

யாரும் போய்ப் பார்க்கவில்லை என்பது உண்மை. நான் போய்ப் பார்த்தாலும் அது கணக்கில் வராது என்பதும் உண்மை.

"இனிமே இந்தப் பக்கம் வராதலா," என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "உன்ன பாத்தா எனக்கு அந்தச் செவப்புதான் ஞாபகம் வரும்."

அவர் கெமாஸ் டவுனில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, மரக்கடை ஒன்றில் ஜாகா வேலைக்குப் போனார். ஊருக்கெல்லாம் வரவு போட்டவர் கேட்டுக்குக் காவல் நின்றார். நான் அனுப்பியது எல்லாம் திரும்பி வந்தது, தீபாவளிக்கு எடுத்த வேட்டி உட்பட.

பெரியவளின் சடங்குக்கு உங்கள் அம்மா தானே பஸ் ஏறிப் போய் அண்ணனைக் கூப்பிட்டாள். அவர் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மத்தியானம்வரை பார்த்தோம். தாய்மாமன் மாலை போட வேண்டிய இடத்தில், உங்கள் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் ரெம்பாவிலிருந்து வந்து போட்டார். எல்லாரும் போன பிறகு, அம்மா பந்திப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டே என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள்.

"உங்க மெஷின கூப்புட்டு மால போட சொல்லியிருக்கலாம்ல."

அத்தனை வருஷத்தில் அந்த ஒரு தடவைதான் சொன்னாள். அவள் மேல் தப்பில்லை. மாமா மேலும் தப்பில்லை. என் மேல் தப்பு என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் தப்பு செய்தவர்கள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மேனேஜருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. பிரிவு உபசாரத்துக்கு நானும் போய்க் கைதட்டிவிட்டு வந்தேன். சம்பளம் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்?

சடங்குக்கு மறுநாள் திங்கட்கிழமை, மற்றவர்கள் வருமுன்னே ஆபிஸைத் திறந்தேன். சர்வர் ஸ்கிரீனைப் போட்டேன். மாமாவின் ஆபிஸை மூடி எத்தனையோ மாதம் ஆகியும் அந்த முதல் கட்டம் சிவப்பாகவே நின்றது. அங்கே கம்ப்யூட்டரும் இல்லை, லைனும் இல்லை. சர்வருக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அது இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

தோட்டங்களின் பேர் இருக்கிற ஃபைலைத் திறந்தேன். முதல் வரிக்குப் போனேன். அழித்துவிடலாம் என்றுதான் கையை வைத்தேன். அழிக்க மனம் வரவில்லை. அந்த வரிக்கு முன்னால் # குறி ஒன்றைப் போட்டேன். அதைப் போட்டால் வரி ஃபைலில் அப்படியே இருக்கும், புரோகிராம் மட்டும் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். சேமித்தேன். புரோகிராமை நிறுத்தி மறுபடி ஓடவிட்டேன்.