தண்ணீரின் பின்னால் நடப்பவர்

முதல் தூறல் ஜன்னல் கண்ணாடியில் விழுந்ததும் நகராட்சி அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் எல்லோரும் கோப்புகளை நனையாத மூலைக்கு நகர்த்துகிறார்கள். அவர் மட்டும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிட்டு, கைப்பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு படியிறங்குகிறார். "தவளை கெளம்பியாச்சு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வருகிறது. அவருக்குக் கேட்காமல் இல்லை. பாதிப் படியில் நின்று திரும்பி, "தவளை வர ஒரு மணி நேரம் ஆகும். யாராவது தேடினா ரோட்டுல இருக்குன்னு சொல்லுங்க" என்கிறார்.

மழைநீர்ப் பிரிவின் மூத்த எழுத்தர் அவர். வயது ஐம்பத்து மூன்று. பிரிவு என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அவர், ஒரு பொறியாளர், கதவு சாத்தாத ஒரு பீரோ. அவ்வளவுதான் பிரிவு.

தெருவுக்கு வந்ததும் கைப்பையிலிருந்து பிளாஸ்டிக் பாட்டில் மூடிகளை எடுக்கிறார். கடைவீதித் தண்ணீருக்குச் சிவப்பு மூடி, மேல்தெருத் தண்ணீருக்கு மஞ்சள் மூடி. சாலையோரத்தில் ஓடுகிற நீரில் ஒன்றைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே நடக்கிறார். மூடி நின்றால் நிற்கிறார். சுழன்றால் குனிந்து, ஏன் சுழல்கிறது என்று பார்க்கிறார். ஒன்று சாக்கடை வாய்க்குள் காணாமல் போய் இரண்டு தெரு தள்ளி வெளியே வந்தபோது, "வந்துட்டியா! நீ வருவேன்னு தெரியும்" என்று அதை எடுத்துத் துடைத்துப் பைக்குள் போட்டதை நானே பார்த்தேன். வழியில் போகிறவர்கள் இந்த அம்மா எதையோ தொலைத்துவிட்டார் என்று நினைத்து, குடையை மடக்கி வைத்துவிட்டுத் தேடிக் கொடுக்க வருகிறார்கள். அவர்களுக்கும் ஆளுக்கொரு மூடியைக் கொடுத்து விடுகிறார்.

எனக்குத் தும்மல் உடம்பு. நாலு சொட்டு தலையில் விழுந்தால் நாலு நாள் மூக்கடைப்பு. அப்படிப்பட்ட நான் மூன்று மழை அவர் பின்னால் நனைந்திருக்கிறேன் என்றால், அவர் எப்படிப்பட்டவர் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அவருடைய கணவரைக் கேட்டேன். "கல்யாணம் முடிஞ்சு வண்டியில போயிட்டிருக்கோம். நல்ல மழை. நிறுத்துங்க நிறுத்துங்கன்னா. எனக்குப் பயமாப் போச்சு, பொண்ணுக்கு என்னமோ ஏதோன்னு. எறங்கிப் போயி பாலத்துக்கு அடியில எட்டிப் பாத்துட்டு வந்து, 'பாதி அடைச்சிருக்கு'ன்னா. அன்னைக்கே புரிஞ்சுபோச்சு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது சலிப்பா பெருமையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வெளியூரில் வேலை பார்க்கும் மகள் தொலைபேசியில் கூப்பிட்டால், "சாப்பிட்டியா" என்று கேட்பதற்கு முன்னால், "அங்க மழையா" என்று கேட்கிறாராம்.

இத்தனை பித்துக்கும் காரணம் கீழ்த்தெரு. நாற்பத்திரண்டு வீடு. ஊரின் பள்ளமான மூலையில் இருக்கிறது. முக்கால் மணி நேரம் கனமாகப் பெய்தால் போதும், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு தண்ணீர். கட்டில் கால்களுக்கு அடியில் எல்லார் வீட்டிலும் செங்கல் இருக்கும். கட்டில் இல்லாதவர்கள் மெத்தையைத் தூக்கி மேசை மேல் வைத்துவிட்டு நிற்பார்கள்.

அங்கே குழாய் பதிக்க வேண்டும் என்பதுதான் பொறியாளரின் முதல் யோசனை. இவர் மூடிகளின் பின்னால் நடந்து நடந்து வேறொன்றைக் கண்டுபிடித்தார். கீழ்த்தெருவில் நிற்கிற தண்ணீரில் பாதிக்கு மேல் மேல்தெருவிலிருந்து வருகிறது. மேல்தெரு முழுக்கச் சிமெண்டும் கல்லும். ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்க வழியில்லை. "அங்கயே குடிக்க வெச்சுட்டா இங்க வராதுல்ல" என்றார் என்னிடம், ஏதோ வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற மாதிரி. சாலையோரத்தில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, அடியில் ஜல்லி, மேலே மணல், அதற்கும் மேலே மண் போட்டு, ஈரத்தையும் வெயிலையும் தாங்குகிற புல்லும் செடியும் நட வேண்டும். சாலை விளிம்புக் கல்லை ஆங்காங்கே ஒரு முழம் திறந்துவிட்டால், ஓடிவரும் நீர் பள்ளத்தில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும். இருபத்தெட்டுப் பள்ளம் வேண்டும். நகராட்சியிடம் அதற்குப் பணம் கிடையாது. இப்படிப்பட்ட வேலைகளுக்கென்றே ஒரு நிதிக்குழு இருக்கிறது. அறுபத்து நாலு பக்க விண்ணப்பத்தை நிரப்பி அனுப்ப வேண்டும்.

இரண்டு தடவை அனுப்பினார். இரண்டு தடவையும் திரும்பி வந்தது.

ஏன் என்று சொல்லும்போது அவர் குரல் இறங்கிவிடுகிறது. விண்ணப்பத்தில் பத்தொன்பதாவது கேள்வி: இந்தத் திட்டத்தால் தடுக்கப்படும் இழப்பின் மதிப்பு என்ன? இவர் வீடு வீடாகப் போய் நேர்மையாகக் கேட்டு எழுதியிருக்கிறார். மெத்தை, பாடப்புத்தகங்கள், ஒரு தையல் இயந்திரத்தின் மோட்டார், பழைய குளிர்பதனப் பெட்டி. எல்லாவற்றையும் கூட்டினால் மேல்தெருவில் நிற்கிற ஒரு காரின் விலை கூட வரவில்லை. "அந்தத் தெருவே முழுகினாலும் இவ்வளவுதாங்க நஷ்டம்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். ரெண்டு தடவ குடுத்திருக்கேன். படிச்சவ நான்." இதைச் சொல்லிவிட்டு அவர் நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேச்சை மாற்றினேன்.

மூன்றாம் முறை மறுபடியும் அதே நாற்பத்திரண்டு வீடு. இந்தத் தடவை பொருளைப் பற்றிக் கேட்கவே இல்லை. எல்லாரிடமும் ஒரே கேள்வி: "தண்ணி வடிஞ்ச பெறகு எத்தனை ராத்திரி ஒழுங்காப் படுக்க முடியல?" கீழ்த்தெருக்காரர்கள் சிரித்தார்களாம். இதையெல்லாம் யார் கேட்பார்கள்! தையல் வேலை செய்யும் பெண்மணி ஒருவர் மட்டும் யோசித்து, விரல் விட்டு, பதில் சொல்லியிருக்கிறார். "தரை காய ஆறு நாள். மெத்தை காய ஒம்போது நாள். அதுவரைக்கும் நான் துணி வெட்டுற மேச மேல, அவரு நாற்காலியில. பசங்கள எங்க அக்கா வீட்டுக்கு அனுப்பிருவேன்." அவர் சொன்ன பிறகு மற்றவர்களும் அதே ஒன்பதைச் சொன்னார்கள். வருஷத்துக்கு மூன்று வெள்ளம். நாற்பத்திரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஆயிரத்து நூற்று முப்பத்து நான்கு ராத்திரிகள். அதை எழுத விண்ணப்பத்தில் கட்டம் கிடையாது. தனித்தாளில் எழுதி, வீட்டுக்கொரு கையெழுத்து வாங்கி, பத்தொன்பதாவது கேள்விக்கு மேல் குண்டூசியால் குத்தி அனுப்பினார். அந்தத் தாளின் நகலை எனக்குக் காட்டினார். நான் எத்தனையோ அறிக்கைகளைப் படித்துக் கொட்டாவி விட்டவன். அந்த ஒரு தாளைப் படித்து முடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

நிதிக்குழு இம்முறை திருப்பி அனுப்பவில்லை. நேரில் பார்க்க ஒரு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. கூடவே ஒரு நிபந்தனை. பள்ளம் தோண்டப்படும் தெருவில் உள்ள எல்லா வீட்டாரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும்.

வம்பு அங்கேதான். தோண்டுவது மேல்தெருவை. நனைவது கீழ்த்தெரு. மேல்தெருவில் எல்லாரையும் பேசி வழிக்குக் கொண்டுவந்துவிட்டார், பல் டாக்டர் ஒருவரைத் தவிர. டாக்டருக்கு இரண்டு கார். பள்ளம் வந்தால் ஒன்றை நிறுத்த இடமிருக்காது. "என் வீட்டு வாசல்ல ஒரு சொட்டுத் தண்ணி நிக்கிறதில்ல மேடம். எனக்கு எதுக்குப் பள்ளம்?" என்று கேட்டிருக்கிறார்.

"நிக்காம எங்க போகுது டாக்டர்?"

"எங்கயோ போகுது."

"அந்த எங்கயோவ ஒரு தடவ பாத்துட்டு வந்துரலாமா?"

அதிகாரி வந்த நாளில் வானத்தில் பஞ்சுத் துண்டு அளவுக்குக்கூட மேகம் இல்லை. வெள்ளத்தைப் பார்க்க வந்தவருக்குக் காய்ந்த தெருவைக் காட்டி என்ன பயன்? எங்கள் எழுத்தர் முந்தின வாரமே நகராட்சித் தண்ணீர் லாரி இரண்டுக்குச் சொல்லி வைத்திருந்தார். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தைக் கடைவீதியில் கிடைத்த மட்டும் வாங்கி லாரித் தண்ணீரில் கலக்கச் செய்தார். அதிகாரியையும் டாக்டரையும் தையற்காரம்மாவின் வாசற்படிக்குக் கீழே நிற்க வைத்து, ஒரு கடிகாரத்தையும் கையில் கொடுத்துவிட்டு, மேல்தெருவில் டாக்டர் வீட்டு வாசலிலேயே லாரியைத் திறந்துவிடச் சொன்னார்.

பதினோரு நிமிஷம். தெருமுனை திரும்பி நீலத் தண்ணீர் வந்தது. அவசரமில்லாமல், வழி தெரிந்த மாதிரி, நேராக வந்தது. முதல் படியைத் தொட்டது. டாக்டர் காலை எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைக் காலணியின் ஓரத்தில் நீலம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது என் வீட்டு வாசல்ல இருந்ததா?" என்று மட்டும் கேட்டார். "ஆமா டாக்டர். நீங்கதான் நிக்கிறதில்லன்னு சொன்னீங்களே." யாரும் சிரிக்கவில்லை. அங்கேயே தையல் மேசை மேல் தாளை வைத்து அவர் கையெழுத்துப் போட்டார். அன்றைக்குக் கூட்டத்தில் ஒருவனாக நின்ற எனக்கு, ஒரு எழுத்தரால் இவ்வளவு முடியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. அதன் பிறகுதான் அவரைப் பற்றி எழுதுவதென்று பின்னால் நடக்கத் தொடங்கினேன்.

வாசலில் பள்ளம் வந்த பிறகு டாக்டர் வேறு விதமாக உயிரை எடுக்கிறார். ஒரு நாளைக்கு மேல் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் கூப்பிடுங்கள் என்று இவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். ஒவ்வொரு தூறலுக்கும் அலுவலகத்துக்கு அழைப்பு வருகிறது. "மேடம், பத்தொம்போது மணி நேரம் ஆச்சு. ஓரத்துல ஒரு கரண்டித் தண்ணி இருக்கு." இவரும் சளைக்காமல், "இன்னும் அஞ்சு மணி நேரம் இருக்கு டாக்டர், பொறுங்க" என்கிறார்.

நிதி கிடைத்தது, முழுதாக இல்லை. முதலில் பத்தொன்பது பள்ளம். மழைக்காலத்தின் முதல் கனமழையில் கீழ்த்தெரு வீடுகளுக்குள் தண்ணீர் போகவில்லை என்றால்தான் மீதி ஒன்பதுக்குப் பணம். போனால் திட்டம் அதோடு மூடப்படும். பத்தொன்பது போதுமா என்று கேட்டேன். "இருவத்தெட்டு வேணும்னு சொன்னவளே நான்தான். இத வெச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல பேஞ்சா..." என்று நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

அந்த மழை போன மாதம் ஒரு பிற்பகல் மூன்று மணிக்கு வந்தது. எழுத்தர் மூடிகளை எடுக்கவில்லை. நேராகக் கீழ்த்தெருவுக்கு, தையற்காரம்மா வீட்டுக்குப் போனார். நானும் தும்மிக்கொண்டே போனேன். அந்த அம்மா வழக்கப்படி மெத்தையைச் சுருட்டி மேசை மேல் ஏற்றிவிட்டு, மின்சார வயர்களை எல்லாம் பிடுங்கி ஆணியில் மாட்டியிருந்தார். "உக்காருங்கக்கா" என்றார். எழுத்தர் உட்காரவில்லை. வாசற்கதவைத் திறந்து வைத்து நிலைப்படியருகே வெறுங்காலோடு நின்றார்.

அரை மணி நேரம் தெருவில் பாதம் நனைகிற அளவுதான். இந்நேரம் முன்பெல்லாம் உள்ளே வந்திருக்குமாம். முக்கால் மணி நேரம் ஆயிற்று. மழை விடவில்லை. ஒரு மணி நேரம். முதல் படி முழுகியது. தையற்காரம்மா அடுப்பை மேலே தூக்கி வைத்தார். இரண்டாவது படியும் முழுகியது. "வருதுக்கா" என்றார், குறையாகச் சொல்லவில்லை, தெரியப்படுத்தத்தான் சொன்னார். எழுத்தரின் உதடு ஏதோ எண்ணிக்கொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நான் தண்ணீரையே பார்த்தேன். நிலைப்படிக்குக் கீழே நாலு விரற்கடை. மூன்று. இரண்டு. ஒரு விரற்கடை.

அங்கே நின்றது.

கூரையில் சத்தம் குறைந்தது. கொஞ்ச நேரம் தண்ணீர் அசையாமல் இருந்தது. அப்புறம் இரண்டாம் படியின் விளிம்பு ஈரமாக, மங்கலாக, வெளியே தெரிந்தது. எதிர்வீட்டு வாசலில் யாரோ உரக்க, "உங்க வீட்டுல?" என்று கேட்டார்கள். "இல்ல! உங்க வீட்டுல?" என்றார் தையற்காரம்மா. அங்கேயும் இல்லை. இப்படியே ஒவ்வொரு வாசலாகக் கேள்வி போய்க்கொண்டிருந்தது. அங்கே மேல்தெரு மண்ணில் பத்தொன்பது பள்ளங்கள் அந்த நேரத்திலும் குடித்துக்கொண்டிருந்தன.

தையற்காரம்மா மெத்தையை இறக்கத் திரும்பினார். எழுத்தர் கதவைவிட்டு உள்ளே வந்தார். குனிந்து, உள்ளங்கையால் தரையைத் தடவிப் பார்த்தார். மேசைக்கடியிலும் சுவரோரத்திலும் தடவிப் பார்த்தார். பிறகு, யாரையும் எதுவும் கேட்காமல், ஒரு கையைத் தலைக்கு அணையாகக் கொடுத்து அந்த வெறுந்தரையில் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.