பழைய பிராசஸர் அக்காவின் கைப்பையில்

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அவரை எங்கள் தெருவில் எல்லோரும் டேப்பு என்றுதான் சொல்வார்கள். எந்த லேப்டாப் வந்தாலும் அதன் கேமராவைக் கறுப்பு டேப்பால் மூடிவிட்டுத்தான் ஸ்க்ரூடிரைவரைத் தொடுவார். திரை எதைக் கேட்டாலும் அவருடைய பதில் 'வேண்டாம்'. "நம்மகிட்ட சரின்னு வாங்க அதுக்கென்ன அவ்வளவு அவசரம்?" என்பார். கழற்றிய பாகத்தை வந்தவர் கையிலேயே கொடுத்துவிடுவார். சுட்டுவிட்டான் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது.

அவருடைய அக்கா கட்டட வரைபடம் போடுகிறவர். தன் கம்ப்யூட்டர் ஆமை மாதிரி ஊர்கிறது என்று கொண்டுவந்து வைத்தார். டேப்பு வேகமான பிராசஸரை மாட்டி, பழையதை அக்கா கையில் கொடுத்து அனுப்பினார். பிறகு மெஷினைப் போட்டால், 'பிராசஸர் மாறியிருக்கிறது. பழைய பாதுகாப்புச் சாவிகளை அழிக்கவா?' என்றது திரை. வழக்கம்போல வேண்டாம் என்றார். உடனே, டிஸ்க்கைத் திறக்க நீளமான ஓர் எண்ணைக் கேட்டது.

அக்காவுக்குப் போன் போட்டார்.

"அந்த நம்பரா? எங்கேயும் எடுத்து வைக்கலையே. நீ எட்டிப் பார்ப்பேன்னுதானே பூட்டினேன்!"

உள்ளே இருந்தது மறுநாள் கொடுக்க வேண்டிய பள்ளிக்கூட வரைபடம். வேறு நகல் இல்லை.

"அந்தப் பழசை எடுத்துட்டு வா."

"குப்பைன்னு சொன்னே. இப்ப மட்டும் எதுக்காம்?"

"பூட்டோட சாவி அதுக்குள்ளதான் இருக்கு. அது இருந்தாத்தான் திறக்கும்."

"அப்ப அதை வெச்சிருக்கிறவன் என் ஃபைலை எல்லாம் பார்த்துடலாமா?"

"உன் மெஷின்லயே மாட்டி, உன் பாஸ்வேர்டையும் போடணும் தாயே!"

"அதையும் நீதானே சொல்றே."

கொடுத்தனுப்ப மனமில்லாமல் அக்கா தானே வந்தார். கைப்பைக்குள் சில்லறையோடும் ஹேர்பின்னோடும் கிடந்த பிராசஸரில் சில ஊசிக்கால்கள் சாய்ந்திருந்தன.

"கொடுக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு," என்றார் அக்கா முந்திக்கொண்டு.

டேப்பு ஒரு பிளேடை எடுத்தார். ஒன்று ஒடிந்தாலும் வரைபடம் போனது போனதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு பிளேடு நுனியால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, மாட்டினார். இந்த முறை எண் கேட்கவில்லை. பாஸ்வேர்டு மட்டும் கேட்டது.

"செவுத்தைப் பாரு," என்றார் அக்கா.

டேப்பு திரும்பிக்கொண்டார். முதுகுக்குப் பின்னால் தட்டும் சத்தம்.

"வரைபடம் இருக்கா?"

"திரும்பாதே. இருக்கு. அனுப்பிக்கிறேன்."

சற்று நேரம் கழித்து, "ம், இப்ப திரும்பலாம்," என்றார்.

"நிஜமாத்தானா?" என்று கேட்டுவிட்டு, டேப்பு சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.