சுபேதார் வண்டியில் எரிந்த விளக்கு

நாற்பது வருஷம் பேட்டரித் தொழிலில் இருந்தவன் நான். பிளஸ் ஒன்று, மைனஸ் ஒன்று, நடுவில் ஆசிட். மூன்றும் சரியாக இருந்தால் கரண்ட் வரும், இல்லையென்றால் சாமியே வந்து தொட்டாலும் வராது. கோவில் கொடைத் திருவிழாவில் யாராவது அருள் வந்து ஆடினால்கூட, இவனுக்கு எங்கே ஷார்ட் ஆகியிருக்கிறது என்று கேலி பேசுவேன். பேயைப் பார்த்தேன், பிசாசு அடித்தது என்று கடையில் உட்கார்ந்து யாராவது கதை விட்டால் எழுந்து போய் வேலையைப் பார்ப்பேன். அதனால் நான் சொல்லுவதை நீங்கள் நம்பாவிட்டால் வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன். ஆனால் இதைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். இத்தனை வருஷம் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு அதுதான் காரணம்.

எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தென்காசியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. எனக்கு முப்பத்திரண்டு வயது. ஒருநாள் காலையில் ஒரு பழைய வேன் வந்து நின்றது, அதிலிருந்து இறங்கியவர் வீரகேரளம்புதூர்க்காரர், பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஊரில் எல்லோருக்கும் அவர் சுபேதார் அண்ணாச்சி. வேனுக்குள்ளே பின்சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு இரண்டு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, துணி வைக்க ஒரு தட்டு என்று ஒரு வீட்டையே கட்டியிருந்தார். அந்தக் காலத்தில் நம் பக்கத்தில் அப்படி ஒரு வண்டியை யாரும் பார்த்ததில்லை.

அவருடைய மருமகன் பம்பாயிலிருந்து ஒரு சோலார் பிளேட் கொண்டுவந்து கொடுத்திருந்தார். வெயில் பட்டால் கரண்ட் வருமாம். அதை வண்டியின் கூரையில் பொருத்தி, அதிலிருந்து ஒரு பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றி, பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஒரு டியூப் லைட்டும் ஒரு சின்ன ஃபேனும் ஓடவேண்டும், அதுதான் எனக்கு வேலை. இன்வெர்ட்டர் மதுரையில் ஒருவர் கையால் செய்து கொடுத்தது, தகரப் பெட்டி, போட்டால் வண்டு மாதிரி முனகும். நாலு நாள் வேலை பார்த்தேன். சோலார் பிளேட்டைப் பார்க்க கடை முன்னால் தினமும் கூட்டம்.

அவர் மனைவி பெயர் கோமதி. நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நாலு நாளும் அவர்கள் ஒரு ஸ்டூலைப் போட்டு வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியான உடம்பு, பேசும்போதே மூச்சு வாங்கும்.

"இருவத்திரெண்டு வருசம் இவுக பார்டர்ல, நான் ஊர்ல. லீவுக்கு வந்தா விருந்தாளி மாதிரி. இனிமே எங்க போனாலும் ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்புதான் தம்பி" என்று வண்டியைத் தட்டிக் காட்டிச் சிரித்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். "எனக்கு இரைப்பு உண்டும். மண்ணெண்ணெ வாடை ஆகவே ஆகாது, அரிக்கேன் பொருத்துனா நெஞ்சை அடைச்சிரும். இருட்டுல கெடந்தாலும் மூச்சு முட்டுத மாதிரி வருது. இவுக மொகம் தெரிஞ்சா தேவலையாயிரும். அதனாலதான் இந்த லைட்டுக்கு இவ்வளவு பாடு."

இதை என்னிடம் சொன்னார்கள். எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

ஆடி மாதம், சீசன் நன்றாக இருந்த நேரம். ஐந்தருவி போகிற ரோட்டில் தெரிந்தவர் தோப்பு ஒன்றில் வண்டியைப் போட்டுக்கொண்டு இருவரும் தங்கினார்கள். ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. பிறகு சாரல் பிடித்துக்கொண்டது. குற்றாலத்துச் சாரலில் வெயிலுக்கு எங்கே போவது? சோலார் பிளேட் மழைக்குத் தகரம் போட்ட மாதிரி சும்மா கிடந்தது. வண்டி எஞ்சினுக்கு என்று தனியாக இருந்த பேட்டரியில் கை வைத்துவிடக்கூடாது, வண்டி கிளம்பாது என்று நானே அவரை மிரட்டி வைத்திருந்தேன். பட்டாளத்துக்காரர், சொன்ன சொல்லைத் தாண்டமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் பேட்டரியைச் சாக்கில் கட்டி, டவுன் பஸ்ஸில் கண்டக்டரோடு சண்டை போட்டு ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

"தம்பி, நாளைக்கு சாயங்காலம் தந்துருவீரா? ரெண்டு நாளா மங்கலா எரிஞ்சுது, நேத்து நின்னே போச்சு. ராத்திரி அவ உக்காந்தே இருந்தா."

"நாளைக்கு ரெடியா இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.

ரெடியாகவும் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் முழு சார்ஜ். அப்போதுதான் என் மச்சினன் பரமசிவம் ஓடி வந்தான். அவன் மைக் செட் வைத்திருந்தான். ஆய்க்குடிப் பக்கம் ஒரு அம்மன் கோவில் கொடைக்கு செட் கட்டியிருக்கிறான், கோவில் வயலுக்கு நடுவில், கரண்ட் கிடையாது, அவனுடைய பேட்டரி படுத்துவிட்டது. ஊரே நிற்கிறது, மானம் போகிறது என்றான். என் கடையில் அன்றைக்கு சார்ஜ் ஆகி நின்றது அந்த ஒரு பேட்டரிதான். ஒரு ராத்திரிதானே என்று தூக்கிக் கொடுத்துவிட்டேன். மச்சினனிடம் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, சுபேதாரிடம் பொய் சொல்ல வந்தது.

சாயங்காலம் அவர் வந்தார். "பழைய சரக்கு அண்ணாச்சி, இன்னும் ஏறலை, நாளைக்குப் பாப்போம்" என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

கொடை ஒரு ராத்திரியில் முடியவில்லை, மறுநாளும் இருந்தது. புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் பஸ்ஸிலிருந்து இறங்கி வருவதைக் கடைக்குள் இருந்து பார்த்தேன். கையில் காலிச் சாக்கை நாலாக மடித்து வைத்திருந்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பக்கத்துத் தையல்கடைக்காரரிடம், "நான் வெளியூர் போயிட்டேன்னு சொல்லிரும்" என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாக நழுவி, சுவர் ஓரத்தில் நின்று எட்டிப் பார்த்தேன். சாரல் தூறிக்கொண்டிருந்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்று தையல்காரர் சொல்லியும் அவர் உட்காரவில்லை. அரைமணி நேரம் நின்றார். பிறகு சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆய்க்குடிக்கு மிதித்தேன், ராத்திரியே பேட்டரியைக் கழற்றிக்கொண்டு போய்க் கொடுத்துவிடலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டேன். அங்கே போனதும் பரமசிவம், "விடியட்டும் மச்சான், சாமி எறங்குத நேரம் செட்டை நிறுத்துனா என்னைய அடிச்சே கொன்னுருவாங்க" என்றான். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

விளக்கு வைக்கிற நேரம், ஏழு இருக்கும், செட் டக்கென்று நின்றுவிட்டது.

இதற்கு மேல்தான் நீங்கள் என்னைச் சந்தேகப்படுவீர்கள். நான் பேட்டரியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஆசிட்டைச் சோதிக்கும் கண்ணாடிக் குழாயை ஒவ்வொரு செல்லாக விட்டுப் பார்த்தேன், ஆறிலும் பாதிக்கு மேல் சார்ஜ் காட்டியது. மீட்டர் வைத்தால் முள் அசையவில்லை. இரண்டு முனையிலும் ஸ்பேனரைக் குறுக்கே வைத்துத் தட்டினேன், அப்படிச் செய்யக்கூடாது, பொறி பறக்கும், கண்ணே போய்விடும், ஆனாலும் தட்டினேன். ஒரு பொறி இல்லை. சார்ஜ் இருக்கிற பேட்டரியில் ஒரு சொட்டு கரண்ட் இல்லை, என் தொழிலில் அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஊர்க்காரர்கள் எங்களைத் திட்டாத திட்டில்லை. வெறும் மேளத்தை வைத்துக் கொடையை நடத்தினார்கள். ராத்திரி முழுவதும் நான் அந்தப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே, நூறு பேர் பார்க்க, உட்கார்ந்திருந்தேன். நான் எங்கேயும் நகரவில்லை என்பதற்கு அந்த ஊரே சாட்சி.

விடியப்போகிற நேரம் கழற்றலாம் என்று குனிந்தேன், கை வைப்பதற்குள் செட் தானாகவே அலறியது. நின்ற இடத்திலிருந்தே பாட்டு. பரமசிவம் குதித்தான். அவன் கத்தக் கத்தப் பேட்டரியைப் பிடுங்கிச் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு குற்றாலத்துக்கு மிதித்தேன்.

தோப்புக்குப் போய்ச் சேரும்போது வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தோப்புக் காவல்காரர் மனைவி வாயில் சேலையை வைத்து அழுதுகொண்டிருந்தாள். நான் சைக்கிளை ஒரு தென்னைக்குப் பின்னால் சாய்த்துவிட்டுப் போனேன். மதினி கட்டிலில் கிடந்தார்கள். விடியக்காலையில் போயிருக்கிறார்கள்.

சுபேதார் அண்ணாச்சி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"நல்ல நேரத்துல வந்து மாட்டிக் குடுத்துட்டுப் போனீரு தம்பி. இல்லைன்னா இருட்டுலல்லா போயிருப்பா. ராத்திரி முச்சூடும் என் மொகத்தைப் பாத்துக்கிட்டே இருந்தா. பயப்படவே இல்லை. அவ போனதும் லைட்டும் நின்னுட்டு."

"ஆமா, வண்டி ஜெகஜோதியா எரிஞ்சுது" என்றாள் காவல்காரர் மனைவி.

அண்ணாச்சி மனம் கலங்கி ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன், ஆனால் இவளும் சொல்கிறாளே. எல்லோரும் மதினியைத் தூக்கி வெளியே கொண்டுபோன பிறகு வண்டிக்குள் ஏறி, கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பேட்டரி வைக்கிற தட்டு காலி. ஆனால் வயர் முனையில் இருக்கும் இரண்டு கிளாம்பும் முடுக்கியிருந்தன. பேட்டரியைக் கழற்றிய கிளாம்பு வாயைப் பிளந்துகொண்டுதான் இருக்கும். இவை ஒன்றுமில்லாத இடத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றன. மேலே புதிதாக கிரீஸ் தடவியிருந்தது. இன்வெர்ட்டர் பெட்டியைத் தொட்டேன். சுட்டது.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? வெளியே போய் அவர் காலில் விழுந்து, நான் வரவில்லை, உங்களிடமிருந்து ஒளிந்துகொண்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தென்னைக்குப் பின்னால் போய்ப் பேட்டரியை எடுத்துவந்து, சாக்கை மேலே போட்டு மறைத்து, அந்த இரண்டு கிளாம்பையும் ஸ்பேனர் வைத்துக் கழற்றி, அவருடைய பேட்டரியை மாட்டினேன். அவ்வளவு இறுக்கமாக இருந்தது, கை வலித்துவிட்டது. வெளியே அழுகைச் சத்தம், உள்ளே நான் திருடன் மாதிரி நட்டை முடுக்குகிறேன். பிறகு வெளியே வந்து பாடை கட்ட மூங்கில் பிடித்தேன். எல்லோரும் என்னை நல்லவன் என்றார்கள்.

நாலைந்து மாதம் கழித்து அவர் கடைக்கு வந்தார். வண்டியை விற்றுவிட்டு மகளோடு பம்பாய் போகிறார், சொல்லிவிட்டுப் போக வந்திருந்தார். அதற்குள் எனக்குத் தூக்கம் போய், சாப்பாடு போய், என் பெண்டாட்டியே வேப்பிலை அடிக்கக் கூட்டிப்போன நேரம். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் வரலை" என்றேன். "உங்க பேட்டரி கொடைக்குப் போயிருந்துச்சு. நான் அங்கனதான் கெடந்தேன். நீங்க கடைக்கு வந்தப்ப பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன்."

அவர் கோபப்படவில்லை. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்ன வே சொல்லுதீரு? நாந்தான டார்ச் அடிச்சேன்? தொப்பலா நனைஞ்சு வந்தீரு. அவ, காப்பி குடிக்கீரா தம்பின்னு கேட்டா, வேண்டாம்னு தலையாட்டுனீரு. நட்டை முடுக்குததுக்குள்ள மூணு தடவை ஸ்பேனர் கீழ விழுந்துட்டு, நாந்தான் எடுத்து எடுத்துத் தந்தேன். உமக்குக் கை அப்படி நடுங்கிச்சு. குளிருதோன்னு நெனைச்சேன். போகும்போது அவகிட்ட ஒரே ஒரு வார்த்தை சொன்னீரு. ரொம்பப் பிந்திட்டு மதினின்னு. ரெண்டு நாளைக்கா இப்படிக் கலங்குதாருன்னு அவ சிரிச்சா."

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார், பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

முப்பத்திரண்டு வயதில் என் கை கல் மாதிரி இருக்கும். எந்தக் குளிரிலும், எந்தப் பயத்திலும் நடுங்கினதில்லை, அவர் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். இப்போது கடையை மகன் பார்க்கிறான். போன ஆடியிலிருந்து எனக்கு வலது கை நடுங்குகிறது. வயசானால் வருவதுதான் என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார். அன்றைக்கு ஒருநாள் சும்மா ஒரு கிளாம்பை முடுக்கிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன், ஸ்பேனர் கையில் நிற்கவில்லை, நழுவி நழுவி விழுந்தது. மகன்தான் குனிந்து எடுத்து எடுத்துக் கொடுத்தான்.