திருப்பாமல் விட்ட குறி

கணக்கு நடத்துகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வகுப்பு விழித்திருக்கிறதா என்று பார்க்க, போர்டில் வேண்டுமென்றே ஒரு தப்பைப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர்கள் போலத் திரும்பிப் பார்ப்பார்கள். கடைசி பெஞ்சிலிருந்து "மேடம், தப்பு!" என்று ஒரு குரல் வந்தால் போதும், எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும். என்னுடைய தப்பு பெரும்பாலும் ஒன்றேதான். ஒரு எண் இன்னொன்றைவிடச் சிறியது என்று எழுதி, இரண்டு பக்கமும் மைனஸ் ஒன்றால் பெருக்கினால் குறி திரும்பிப் 'பெரியது' ஆகிவிட வேண்டும். நான் திருப்ப மாட்டேன். வகுப்பு கத்தும். அப்புறம் அந்த விதியை அவர்கள் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்கள்.

2010 வாக்கில், சிதம்பரத்தில் நான் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில், அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. கணக்கு படிப்பவர்களுக்காக ஆன்லைன் வகுப்பு தொடங்கினார்கள். ஒரு ஏ.சி. அறை, வெள்ளை போர்டு, கேமரா, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போன் மாட்டிய ஆபரேட்டர். நான் பேசுவது பல ஊர் மையங்களுக்குப் போகும். அங்கே சுவரில் பெரிதாகத் தெரிவேன். அங்கிருந்து எனக்கு ஒரு சத்தமும் வராது. சந்தேகம் இருந்தால் டைப் அடித்து அனுப்ப வேண்டும், வகுப்பு முடிந்தபின் ஆபரேட்டர் வாசித்துக் காட்டுவார். எனக்கு இந்த ஏற்பாடு அறவே பிடிக்கவில்லை. முகம் பார்க்காமல் கணக்கு நடத்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுகிற மாதிரி இருந்தது. வீட்டில் வந்து தினமும் புலம்புவேன்.

கடலூர் முதுநகர் மையத்தில் ஒரு பெண் படித்துக்கொண்டிருந்தாள். கடலோரக் குப்பத்தில் மீன்பிடிக் குடும்பம். நேர்முக வகுப்புக்குச் சிதம்பரம் வந்தபோது மடியில் கைக்குழந்தையோடு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு நினைவிருந்தது. எல்லாத் தாளும் முடித்து, நான் நடத்திய ரியல் அனாலிசிஸ் மட்டும் பாக்கி. பட்டம் கைக்கு வந்தால் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"இந்தத் தடவயும் போச்சுன்னா அவ்ளோதான் மேடம். படிச்சது போதும்னு வீட்ல சொல்லிட்டாங்க," என்றாள். அதோடு விட்டாளா? "நீங்க போர்டுல எழுதுறத ஒரு புள்ளி விடாம எழுதிக்கிறேன். புரியலனாலும் மனப்பாடம் பண்ணிடுவேன்" என்றும் சொன்னாள். அப்போது அதைக் கேட்டுச் சிரித்தேன்.

பரீட்சைக்கு முந்தின நாள் மதியம் கடைசி வகுப்பு. கேள்வித்தாளில் அநேகமாக வரக்கூடிய ஒரு நிரூபணத்தை எடுத்துக்கொண்டேன். மைனஸ் ஒன்றால் பெருக்கும் இடம் வந்தது. பழக்கதோஷம், குறியைத் திருப்பாமல் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எதிரே கேமராவின் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. சற்று நின்றேன். சரி, கொஞ்சம் முழிக்கட்டும், கடைசியில் திருத்திக்கொள்ளலாம் என்று அடுத்த வரிக்குப் போனேன். அந்த வரி முடிவதற்குள் கரண்ட் போனது.

"லைன் கட்டாயிடுச்சு மேடம். இன்னிக்கு இனிமே வராது," என்றார் ஆபரேட்டர்.

"என்ன தம்பி சொல்றீங்க? போர்டுல தப்பு நிக்குது!"

அவர் கண்ணாடி வழியாக போர்டை எட்டிப் பார்த்தார். "எங்க மேடம்? நல்லாத்தான இருக்கு."

எனக்கு வந்த கோபத்தில் டஸ்டரை அவர் மேல் எறியாமல் இருந்ததே பெரிய விஷயம். ஆனால் மனுஷர் நல்லவர். ஒவ்வொரு மையத்துக்கும் போன் போட்டுத் திருத்தத்தைச் சொன்னார். முதுநகரில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. அவள் செல்போன் வைத்துக்கொள்ளவில்லை. புள்ளி விடாமல் எழுதிக்கொண்டு போய், மனப்பாடம் செய்து, காலையில் அப்படியே கக்கிவிட்டு வருவாள். பையைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினேன்.

அன்றைக்கென்று பஸ் நகரவே மாட்டேன் என்றது. பி.முட்லூரில் டீ குடிக்க இறங்கிய டிரைவரை மனதுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டினேன். புதுச்சத்திரம் ரயில்வே கேட்டில் நின்றபோது டிரைவரை விட்டுவிட்டு என்னைத் திட்ட ஆரம்பித்தேன். ஊமைக் கேமராவுக்கு முன்னால் என்னடி விளையாட்டு உனக்கு?

முதுநகரில் இறங்கி, மையம் நடக்கும் பள்ளிக்கூடத்துக்கு அரை ஓட்டமாகப் போனேன். ஆபீஸ் பூட்டியிருந்தது, போன் உள்ளே இருந்தது. வகுப்பறையிலிருந்து மட்டும் மீன் மார்க்கெட் போல இரைச்சல். எட்டிப் பார்த்தேன். ஏழெட்டுப் பேர் கலையாமல் இருந்தார்கள். குழந்தை பெஞ்சில் துண்டின் மேல் தூங்கியது. அவள் கையில் சாக்பீஸ். போர்டில் என் நிரூபணம், நான் விட்ட இடத்தையும் தாண்டி, கடைசி வரி வரைக்கும். குறி திரும்பியிருந்தது.

"என்னா மேடம், நீங்களே வந்துட்டீங்க?"

மூச்சு வாங்கியது. "அந்தக் குறி… நான் திருத்தறதுக்குள்ள…"

"அது நீங்க வேணும்னே போட்டதாச்சே," என்றாள். "சிதம்பரத்துல கிளாஸ் எடுத்தப்பவும் இப்புடித்தான் போட்டுட்டுத் திரும்பிப் பாத்தீங்க. இன்னிக்கும் திரும்புனீங்க. நாங்க எல்லாரும் ஒண்ணா, 'மேடம், தப்பு!'ன்னு கத்துனோம். என்னமோ ஏதோன்னு வாட்ச்மேன் ஓடியாந்துட்டாரு. உங்களுக்குத்தான் கேக்கல."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து, யாரோ கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். சிரிப்பும் வந்தது, கண்ணிலும் நீர் வந்தது. இத்தனை மாதம் சுவரோடு பேசுகிறேன் என்று அலுத்துக்கொண்டிருந்தேனே, அந்தச் சுவருக்குப் பின்னால் ஒரு வகுப்பு முழுசாக இருந்திருக்கிறது.

அவள் அந்தத் தாளில் பாஸானாள். பள்ளிக்கூட வேலையும் கிடைத்தது. நான் கேமராவுக்கு முன்னால் தப்புப் போடுவதை நிறுத்தவில்லை. போட்டுவிட்டுத் திரும்பி, சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். திருத்தாமல் மட்டும் அடுத்த வரிக்குப் போக மாட்டேன்.

"என்ன மேடம், எதுக்கு நிக்கிறீங்க? டைம் போவுது," என்பார் ஆபரேட்டர்.

"கொஞ்சம் இருங்க தம்பி," என்பேன். "அங்க கத்திக்கிட்டு இருக்காங்க."