அந்தப் பெயருக்குக் கீழே நடக்க மாட்டேன் என்றவர்

மக்கா, பள்ளிக்கூட சுதந்திர தின விழாவில் ‘எங்கள் பெரியப்பா பரம் வீர் சக்ரா வாங்கியவர்’ என்று பேசப் போகிறோம் என்றீர்களே, அப்படிப் பேசாதீர்கள். ஊரில் பாதிப் பேர் இன்னும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர் வாங்கியது சேனா மெடல். பனிச்சரிவில் புதைந்தவர்களைத் தோண்டி இழுத்து வந்ததற்காகக் கொடுத்தது. அதுவும் லேசில் கிடைப்பதல்ல. ஆனால் இது வேறு, அது வேறு. அந்த வித்தியாசத்துக்காக உங்கள் பெரியப்பா ஒரு நாள் ஊரையே நிறுத்திவைத்தார். அப்போது நீங்கள் கைப்பிள்ளைகள்.

என் அண்ணன், அதான் உங்கள் பெரியப்பா, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்த நாள் அது. சங்கரன்கோவில் ஸ்டேஷனிலிருந்து அவரையும் பெரியம்மாவையும் நான்தான் என் வேனில் ஏற்றி வந்தேன். நம் தெருமுக்கில் மேளம், ஆளுயர மாலை, பட்டாசுச் சரம். இரண்டு கம்பத்துக்கு நடுவே தெருவை அடைத்துக்கொண்டு ஒரு ஃப்ளெக்ஸ். ஒரு பக்கம் அண்ணன் படம், மறுபக்கம் உறுமுகிற சிங்கம், நடுவில் ‘பரம் வீர் சக்ரா நாயகனே வருக!’ அண்ணன் மெடல் வாங்கியவர் என்று மட்டும் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஃபோனில் தேடி, இருப்பதிலேயே பெரிய விருது எதுவோ அதைப் போட்டுவிட்டார்கள். அன்பில் செய்ததுதான்.

அண்ணன் அதை வாசித்தார். கதவில் வைத்த கையை எடுத்துவிட்டார்.

“ஏலே, வண்டிய ஓரங்கட்டு. அதக் கழட்டச் சொல்லு. அதுக்குக் கீழ நான் நடக்க மாட்டேன்.”

ஏற்பாடு செய்த ஆட்டோ ஸ்டாண்டு தலைவர் ஓடி வந்தார். “அண்ணாச்சி, எறங்குங்க. மேளக்காரன் அடுத்த கல்யாணத்துக்குப் போணுங்கான்.”

“கழட்டுங்க, எறங்குதேன்.”

“சோப்பு வாங்கப் போனவனுக்குப் பவுடரும் ஃப்ரீன்னா வேண்டாம்பானா வே?” என்று கூட்டத்தில் ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

“ஃப்ரீயா அது?” என்றார் அண்ணன். “எதிரி சுடுத எடத்துல நின்னு செஞ்சாத்தான் அது. கூட நின்னவன் கண்ணால பாத்ததச் சொல்லணும். கமாண்டர் எழுதணும். மேல மேல போயிச் சலிச்சு, கடைசில ஜனாதிபதி கையால கொடுக்காவ. பாதிக்கு மேல பேரு வாங்க வரவே இல்ல. அவம் அம்மா வந்தா, இல்ல பொண்டாட்டி வந்தா. உசுரோட இருக்கவர் எதுக்க வந்தா ஜெனரலே மொதல்ல சல்யூட் அடிப்பாரு. அந்தப் பேர எனக்கு ஒட்டுதியளோ?”

தலைவருக்கு முகம் சுண்டிவிட்டது. பெரியம்மா அண்ணன் காதோடு, “நாளைக்கு இவங்க மொகத்துல முழிக்காண்டாமா?” என்றாள். எனக்கும் அதே பயம். இத்தனை வருடம் கழித்து வந்திருக்கிறார். இனி இந்தத் தெருவில்தான் அவர் வாழ வேண்டும். வந்த அன்றே பகையா? யாரோ, எழுத்தின் மேல் வேட்டியைப் போட்டு மறைத்துவிடலாம் என்றார்கள்.

“மறைச்சாலும் உள்ள இருக்கும்லா” என்றார். அசையவில்லை.

மேளக்காரர்கள் போய்விட்டார்கள். கூட்டமும் கலைந்தது. கடைசியில் தலைவரே வாய்க்குள் திட்டிக்கொண்டு ஏணியில் ஏறிக் கயிற்றை அறுத்தார். ஒரு முனை தொங்கியதுதான் தாமதம், அண்ணன் வேனிலிருந்து குதித்து ஓடி, ஃப்ளெக்ஸை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டார்.

“அந்த எழுத்து மண்ணுல படக்கூடாது. பிடிங்க.”

தலைவர் ஏணியை அடுத்த கம்பத்துக்கு மாற்றி, அந்தக் கயிற்றையும் அறுத்தார். பிறகு இறங்கி வந்து மறுமுனையைப் பிடித்தார். சேலை மடிப்பதுபோல இருவரும் சேர்ந்து மடித்தார்கள்.

“இப்ப மாலையப் போடலாமா, இல்ல அதுக்கும் ஜனாதிபதி வரணுமா?” என்றார் தலைவர்.

அண்ணன் சிரித்துக்கொண்டு குனிந்து கழுத்தை நீட்டினார்.

நீங்கள் மேடையில் பேசுங்கள். பனிச்சரிவைப் பேசுங்கள், சேனா மெடல் என்றே சொல்லுங்கள். கைத்தட்டல் குறைந்தால் குறையட்டும்.

அன்று அவர்களை வீட்டில் விட்டுவிட்டு, ராஜபாளையம் ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் வேனை நிறுத்தினேன். ஃபோனில் அந்த விருதைத் தேடினேன். வாங்கியவர்களின் பெயர்கள் வந்தன. எட்டாவது வரை படித்த எனக்கு அதிலிருந்த வடநாட்டுப் பெயர்கள் நாக்கில் புரளவில்லை. ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தேன். தப்பாக வந்த பெயரைச் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பச் சொன்னேன். கடைசிப் பெயரும் முடிந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.